வந்து போகும் பழுதும் 24 முனைக் கேபிளும்

மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முழுசாகச் செத்துப்போன போர்டைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை, வந்து வந்து போகும் பழுதுதான் உயிரை வாங்கும் என்பார்கள். கருகிய ரெசிஸ்டர் கண்ணுக்கே தெரிந்துவிடும். போன ஃபியூஸை மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நாற்பது நிமிடம் ஒழுங்காக ஓடி, அரை வினாடி தடுமாறி, மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும் போர்டை என்ன செய்வது? புரோபை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் மீட்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஒரு போன் வந்து தலையைத் திருப்பும் அந்த நொடியில்தான் அது நடக்கும்.

இந்தக் காவலைக் கணினி சலிக்காமல் செய்யும். வினாடிக்கு ஒரு முறை பார், நேரத்தோடு எழுதிவை என்றால் விடிய விடிய எழுதிவைக்கும். ஆனால் கணினிக்கு வோல்டேஜைத் துல்லியமாக அளக்கத் தெரியாது. அளக்கத் தெரிந்த கருவியோ பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்திலோ தொழிற்கூடத்திலோ பழசு என்று ஓரம்கட்டப்பட்டு, தூசு படிந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கும் 1980களின் மல்டிமீட்டர்தான் அது. இந்த இரண்டையும் இணைப்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

பழைய மீட்டர் எதற்கு, புதிதாக ஒன்று வாங்கினால் போகிறது என்று தோன்றலாம். ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த எச்பி 3478ஏ என்ற மல்டிமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை இலக்க மீட்டர். 30 வோல்ட் வரம்பில் 100 மைக்ரோவோல்ட் மாற்றத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். 5 வோல்ட் லைன் ஒன்றை அளந்தால் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் கிடைக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கை மீட்டர்களால் இது முடியாது. வோல்டேஜை அளக்கும் இயற்பியல் நாற்பது ஆண்டுகளில் மாறிவிடவும் இல்லை. அன்று நல்ல ரெசிஸ்டர்களையும் நல்ல ரெஃபரன்ஸையும் போட்டுக் கட்டிய மீட்டர் இன்றும் நல்ல மீட்டர்தான். அதற்கு இல்லாதது நினைவாற்றல் ஒன்றே. அளந்ததைக் காட்டும், அடுத்ததை அளக்கும்போது முந்தையதை மறந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கும் வழி மீட்டரின் முதுகிலேயே இருக்கிறது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், இரண்டு வரிசையில் 24 முனைகள் கொண்ட, ஓரம் சரிந்த அகலமான ஒரு கனெக்டர் தெரியும்.

அந்தக் கனெக்டர் வருவதற்கு முன் இருந்த நிலையைச் சற்றுப் பார்க்கலாம். 1960களின் அதிர்வெண் கவுண்டர்கள் நிக்ஸி குழாய்களில் இலக்கங்களை ஒளிரவிட்டன. அளவீட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு கம்பி. எட்டு இலக்கக் கவுண்டர் என்றால் 32 கம்பிகள். அவற்றின் வோல்டேஜ் நிலைகளும் கனெக்டரும் கருவிக்குக் கருவி மாறின. ஹியூலட்-பேக்கார்டின் முதல் கணினியான 2116ஏ 1966இல் வெளிவந்தது. அளவீட்டுக் கருவிகளோடு இணைப்பதை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்திருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு கருவிக்கும் தனி இடைமுக அட்டை வேண்டியிருந்தது. பத்துக் கருவிகள் என்றால் பத்து அட்டை, பத்து வகைக் கேபிள், பத்து வகைத் தலைவலி.

இந்தச் சிக்கலிலிருந்துதான் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு பொதுப் பாதையை உருவாக்கினார்கள். 1972இல் தங்கள் நிறுவன இதழில் அதை விளக்கி எழுதினார்கள். எச்பி-ஐபி என்று பெயர் வைத்தார்கள். 1975இல் அது ஐஇஇஇ 488 என்ற பொதுத் தரமானது. ஒரு கேபிளில் 15 கருவிகள் வரை இணைக்கலாம். கேபிளின் மொத்த நீளம் 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும், கருவி ஒன்றுக்கு 2 மீட்டர் என்ற கணக்கையும் தாண்டக் கூடாது. ஒரு கனெக்டரின் முதுகில் இன்னொன்றைச் செருகிக்கொண்டே போகலாம். டெக்ட்ரானிக்ஸ், ஃப்ளூக், கீத்லி, பிலிப்ஸ், ரோடே அண்ட் ஷ்வார்ஸ் என்று போட்டி நிறுவனங்கள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டு ஜிபிஐபி என்ற பொதுப்பெயரில் அழைத்தன. 1977இல் வந்த கமடோர் பெட் என்ற தனிநபர் கணினி, தன் டிஸ்க் டிரைவையும் பிரிண்டரையும் இதே பாதையில்தான் இணைத்தது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1976இல் தொடங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் வளர்ந்ததே, கணினிகளுக்கு இந்த இடைமுக அட்டைகளைச் செய்து விற்றுத்தான்.

தரம் வெளியிடப்பட்டிருந்தது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்துச் செய்யலாம் என்றிருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தும் இந்தக் கருவிகளோடு நம்மால் பேச முடிவதற்கு அதுவே காரணம். நிறுவனத்துக்குள் பூட்டிவைத்த ரகசிய நெறிமுறையாக இருந்திருந்தால், அதைச் செய்தவர்கள் ஓய்வு பெற்ற அன்றே இந்தக் கருவிகள் ஊமையாகியிருக்கும்.

பாதையில் 16 சமிக்ஞைக் கம்பிகள் உண்டு. மீதியெல்லாம் தரைக் கம்பிகளும் கேபிளின் உறையும். பதினாறில் எட்டு, தரவுக்கு. ஐந்து, நிர்வாகத்துக்கு. எஞ்சிய மூன்று கம்பிகளில்தான் இந்த வடிவமைப்பின் அழகு முழுவதும் இருக்கிறது.

பிரச்சினை இது. வேகமான கருவியும் மந்தமான கருவியும் ஒரே கேபிளில் இருக்கின்றன. பேசும் கருவி ஒரு பைட்டைக் கம்பியில் வைக்கிறது. அதை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும்? நேரத்தை நிர்ணயித்துவிட்டால், அதைவிட மெதுவான கருவி தவறவிட்டுவிடும். இதற்குத் தீர்வாக மூன்று கம்பிகளுக்கு மூன்று பொருள் கொடுத்தார்கள். என்.ஆர்.எஃப்.டி என்பது ‘இன்னும் தயாரில்லை’. டி.ஏ.வி என்பது ‘கம்பியில் இருக்கும் தரவு செல்லும்’. என்.டி.ஏ.சி என்பது ‘இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை’. எந்தக் கருவியும் கம்பியைக் கீழே இழுத்துப் பிடிக்கலாம். எல்லாக் கருவிகளும் கைவிட்டால்தான் அது மேலே எழும். கீழே இருந்தால்தான் அந்தச் செய்தி உண்மை என்று பொருள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கேட்கும் கருவிகள் தயாராக ஆக ஒவ்வொன்றும் ‘தயாரில்லை’ கம்பியை விடுகிறது. கடைசிக் கருவியும் விட்ட பிறகே கம்பி மேலே வருகிறது. அதைப் பார்த்ததும் பேசும் கருவி தரவை வைத்து, ‘செல்லும்’ கம்பியைக் கீழே இழுக்கிறது. கேட்பவை பைட்டை எடுத்துக்கொள்கின்றன. எடுத்து முடித்த ஒவ்வொன்றும் ‘வாங்கவில்லை’ கம்பியை விடுகிறது. இங்கும் கடைசிக் கருவி விடும்வரை கம்பி எழுவதில்லை. எழுந்த பிறகே பேசும் கருவி அடுத்த பைட்டுக்குப் போகிறது. நம் கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுவதில்லையே, அந்த ஒழுங்குதான். யார் மந்தம், யார் வேகம் என்று எவரும் முன்கூட்டித் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. வினாடிக்குப் பத்து லட்சம் பைட் அனுப்பும் திறன் கொண்ட பாதை, ஒரு கிழட்டு மீட்டருக்காகத் தானாகவே நிதானமாகிவிடும்.

பழையதைப் புதியதோடு இணைக்க நினைக்கும் நமக்கு இது பெரிய வரம். கடிகாரத் துடிப்பு எதுவும் இல்லாததால், மறுமுனையில் இருக்கும் கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும், உரையாடல் கெடாது.

அடுத்தது முகவரி. மீட்டரின் பின்பக்கம் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஐந்து சுவிட்சுகள் 1, 2, 4, 8, 16 என்ற மதிப்புள்ளவை. 3478ஏ தொழிற்சாலையிலிருந்து 23 என்ற முகவரியோடு வரும். அதாவது 16, 4, 2, 1 ஆகிய நான்கும் போடப்பட்டிருக்கும். ‘கவனி’ என்ற பொருள்கொண்ட ஏ.டி.என் கம்பியைக் கணினி கீழே இழுத்தால், அடுத்து வரும் பைட்டுகள் எல்லாம் கட்டளைகள். முகவரியோடு 32ஐக் கூட்டி அனுப்பினால் ‘நீ கேள்’ என்று பொருள், 64ஐக் கூட்டினால் ‘நீ பேசு’. எனவே 55 என்று அனுப்பினால் நம் மீட்டர் கேட்கத் தொடங்கும், 87 என்றால் பேசத் தொடங்கும். ஐந்து சுவிட்சுகளில் 0 முதல் 31 வரை வைக்கலாம் என்றாலும் 31ஐ மட்டும் யாரும் வைக்கக் கூடாது. அதோடு 32ஐக் கூட்டினால் வரும் 63 ‘எல்லோரும் கேட்பதை நிறுத்துங்கள்’ என்பதற்கும், 64ஐக் கூட்டினால் வரும் 95 ‘பேசுவதை நிறுத்து’ என்பதற்கும் ஒதுக்கப்பட்டவை.

3478ஏயின் பின்பக்கத்தில் இன்னொரு சுவிட்சையும் பார்த்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்று மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சொல்லும் சுவிட்ச் அது. இந்த வகை மீட்டர்கள் உள்ளே வரும் வோல்டேஜை மின்சாரத்தின் முழுச் சுற்றுகள் அளவுக்குச் சேர்த்துச் சேர்த்து அளக்கின்றன. அப்படிச் செய்தால் கம்பிகளில் தொற்றியிருக்கும் மின்சார இரைச்சல் ஏற்றமும் இறக்கமுமாகத் தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். நம் ஊரில் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. அமெரிக்காவில் 16.67 மில்லிவினாடி. அங்கிருந்து வந்த மீட்டரை அப்படியே போட்டால், கடைசி இலக்கங்கள் நிலைகொள்ளாமல் ஆடும். மீட்டர் கெட்டுவிட்டது என்று ஒதுக்குமுன் இந்த ஒரு சுவிட்சைப் பார்ப்பது நல்லது.

இனி கணினிப் பக்கம். இன்றைய மடிக்கணினியில் ஜிபிஐபி கனெக்டர் கிடையாது, யூஎஸ்பி மட்டுமே. இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றி வேண்டும். நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் யூஎஸ்பி மாற்றி நன்றாக வேலை செய்யும். விலை தனிமனிதருக்குக் கட்டாது. ப்ரோலாஜிக்ஸ் மாற்றி அதைவிட எளிமையானது, கணினிக்கு ஒரு சீரியல் போர்ட் போலவே தெரியும். மாணவர்களுக்கும் சிறு பழுதுகடைக்காரர்களுக்கும் நான் சொல்வது ஏஆர்488 என்ற திறமூலத் திட்டத்தை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ போர்டு ஒன்றும், 24 முனைக் கனெக்டர் ஒன்றும், பதினாறு கம்பிகளும், தரைக் கம்பியும் இருந்தால் போதும். ஆர்டுயினோவின் பின்கள் நேராகவே பாதையின் கம்பிகளோடு இணைகின்றன.

இதில் ஒரு வரம்பு உண்டு. தரத்தின்படி பாதையை ஓட்டும் சில்லு 48 மில்லியாம்பியர் வரை உள்ளே இழுக்க வல்லதாக இருக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள சில்லின் ஒரு பின்னுக்கு 40 மில்லியாம்பியர்தான் உச்ச எல்லை. ஒன்றிரண்டு கருவிகளோடு குட்டைக் கேபிளில் இது பிரச்சினையே இல்லை. ஐந்தாறு கருவிகளை மாட்டப் போகிறீர்கள் என்றால் 75160, 75161 என்ற பாதை ஓட்டிச் சில்லுகளை நடுவே போடுவதே முறை. இன்னொரு சின்ன விஷயம், முதன்முதலில் செய்பவர்களை மிகவும் குழப்புவது. கணினியில் சீரியல் போர்ட்டைத் திறந்த மாத்திரத்தில் இந்த ஆர்டுயினோ ரீசெட் ஆகும். உடனே கட்டளை அனுப்பினால் அது காற்றில் போகும். இரண்டு வினாடி பொறுத்து அனுப்ப வேண்டும்.

கட்டளைகள் எளியவை. 3478ஏவுக்கு எஃப்1 என்று அனுப்பினால் டிசி வோல்ட், எஃப்2 என்றால் ஏசி வோல்ட், எஃப்3 என்றால் ஓம். என்5 என்றால் ஐந்தரை இலக்கம். டி3 என்றால் ஒரே ஒரு முறை அள. பிறகு மீட்டரைப் பேசச் சொன்னால் குறி, இலக்கங்கள், அடுக்கு என்று ஒரு வரியை அனுப்பும். அவ்வளவுதான். எல்லா நிறுவனங்களும் பின்பற்றும்படியான பொதுக் கட்டளைச் சொற்கள் 1990இல்தான் வந்தன. அதற்கு முந்தைய கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருக்கெழுத்து. அந்தந்தக் கருவியின் கையேடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. நல்லவேளையாக, பழைய ஹியூலட்-பேக்கார்டு, டெக்ட்ரானிக்ஸ் கையேடுகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்யப்பட்டுப் பொதுவெளியில் கிடைக்கின்றன.

இப்போது அந்த நாற்பது நிமிடப் பழுதுக்கு வருவோம். பழைய கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, சூடானதும் எப்போதாவது தானாக ரீசெட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட் லைனில் முதல் மீட்டர். இரண்டாவது மீட்டரை ஓமில் வைத்து, ரெகுலேட்டரின் ஹீட்சிங்கில் ஒட்டிய ஒரு தெர்மிஸ்டரை அளக்கச் சொல்லலாம். இரண்டும் ஒரே கேபிளில், வேறு வேறு முகவரியில் இருக்கும். ‘எல்லோரும் இப்போது அளங்கள்’ என்ற ஒரு குழுக் கட்டளை இந்தப் பாதையில் உண்டு. ஒரே பைட்டில் இரு மீட்டர்களும் ஒரே கணத்தில் அளக்கத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பைத்தானில் இருபது வரி எழுதத் தெரிந்தால் போதும். வினாடிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டரிலிருந்து 3600 அளவீடுகள். மொத்தமும் ஐம்பது கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

அந்த எண்களை வரைபடமாகப் போட்டால் கோட்டின் வடிவத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. சூடு ஏற ஏற வோல்டேஜ் வழுக்கிக்கொண்டே இறங்கினால், ரெகுலேட்டரிலோ அதன் ரெஃபரன்ஸிலோ கோளாறு. 5.02இல் நேர்க்கோடாக நின்றிருந்தது திடீரென்று 4.72க்குப் படிக்கட்டுபோல் விழுந்து, சற்று நேரம் அங்கேயே நின்று, மறுபடி ஒரே தாவலில் மேலேறினால் அது சூட்டினால் வரும் நழுவல் இல்லை. மின்னோட்டம் போகும் வழியில் ஓரிடத்தில் தடை கூடியிருக்கிறது. போர்டு 2 ஆம்பியர் எடுக்கிறது என்றால், 0.3 வோல்ட் விழுவதற்கு 0.15 ஓம் போதும். ஒரு டிரை சோல்டரோ, கறுத்துப்போன கனெக்டர் பின்னோ அந்த அளவு தடையைத் தாராளமாகத் தரும். பழைய 74 வரிசைச் சில்லுகளுக்கு 4.75 வோல்ட்தான் கீழ் எல்லை. அதைத் தாண்டி இறங்கினால் அவை எதையும் செய்யலாம். ரீசெட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இனி அந்த லைனில் உள்ள ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் புரோபை மாற்றி மாற்றி வைத்து, எந்த இணைப்பில் அந்தப் படி தெரிகிறது என்று பார்த்தால் இடமும் பிடிபடும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே மாதிரிப் பள்ளங்கள் வந்துகொண்டிருந்தால் போர்டை விட்டுவிட்டு, அதே பிளக் பாயின்டில் ஏசியோ ஃபிரிட்ஜோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் மீட்டரோடு நின்று இதையெல்லாம் கண்டுபிடித்த மெக்கானிக்குகள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் அனுபவத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்த அனுபவம் வாய்க்க இருபது ஆண்டுகள் ஆகும். கோட்டின் வடிவத்தைப் பார்த்துப் படிக்க ஒரு மாணவருக்கு ஒரு பருவம் போதும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. மீட்டர் மின்சாரச் சுற்றுகள் கணக்கில் சேர்த்து அளப்பதால், ஒரு மில்லிவினாடியில் வந்து போகும் பள்ளம் அதன் சராசரியில் கரைந்துவிடும். அதைப் பிடிக்க ஆசிலோஸ்கோப் வேண்டும். 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த டிஜிட்டல் ஸ்கோப்புகள் பலவற்றில் இதே 24 முனைக் கனெக்டர் உண்டு. வோல்டேஜ் 4.75க்குக் கீழே இறங்கும்போது டிரிக்கர் ஆகும்படி வைத்துவிட்டு, பிடித்த அலையைக் கணினிக்கு இழுத்துக்கொள்ளலாம். ஸ்கோப் ஏதோ ஒன்று பிடிபட்டதும் எஸ்.ஆர்.கியூ என்ற கம்பியை இழுத்துக் கணினிக்குச் சேதி சொல்லவும் செய்யும்.

அலையின் எண்களை அனுப்பத் தெரியாத இன்னும் பழைய கருவிகளிடமும் ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் திரையில் தெரிவதைக் காகிதத்தில் எடுக்க, பேனாவால் கோடு போடும் பிளாட்டரை நேராகவே கருவியோடு மாட்டுவார்கள். பேனாவைத் தூக்கு, இறக்கு, இந்த இடத்துக்கு நகர் என்ற கட்டளைகளைக் கருவியே அனுப்பும். கணினி தன்னையே பிளாட்டராகக் காட்டிக்கொண்டு அந்தக் கட்டளைகளை வாங்கிப் படமாக்கிவிடுகிறது. இதற்கென்றே எழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரலுக்கு 7470 என்று பெயர். ஹியூலட்-பேக்கார்டின் 7470ஏ பிளாட்டரின் எண் அது.

பாதையே சில சமயம் தொங்கிவிடும். கட்டளை போகாது, பதில் வராது. நிரலில் பிழை தேடுவதற்கு முன் கை மீட்டரை எடுத்து 7ஆம் முனையை அளங்கள். அதுதான் ‘தயாரில்லை’ கம்பி. யாரும் இழுக்காதபோது அது ஏறத்தாழ 3.3 வோல்ட்டில் நிற்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தால் ஏதோ ஒரு கருவி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும். கேபிளில் மாட்டியிருந்து மின்சாரம் தராமல் விட்ட கருவியும் பாதையைக் கெடுக்கக்கூடும், மாட்டிய கருவிகளில் மூன்றில் இரண்டு பங்காவது இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் வரி சரியாக வந்து இரண்டாவது வரியில் தொங்கினால், வரி முடிவை எப்படி அறிவிப்பது என்பதில் கணினியும் கருவியும் முரண்படுகின்றன. சில கருவிகள் வரிமுடிவு எழுத்தை அனுப்பும், சில இ.ஓ.ஐ என்ற தனிக்கம்பியை இழுக்கும், சில இரண்டையும் செய்யும். கையேட்டைப் பார்த்து மாற்றியில் அதைச் சரியாக வைத்தால் தீர்ந்தது.

கனெக்டரில் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவில் இதே பாதைக்கு ஐஇசி 625 என்று ஒரு தரம் இருந்தது. அதில் 25 முனைக் கனெக்டர். பார்த்தால் பழைய மோடம்களின் சீரியல் கனெக்டர் போலவே இருக்கும். சீரியல் கம்பியில் கூட்டல் கழித்தல் பன்னிரண்டு வோல்ட் ஓடலாம். பொருந்துகிறதே என்று செருகினால் உள்ளே இருக்கும் சில்லுகள் போய்விடும். சீரியல் போர்ட் மட்டுமே உள்ள பழைய கருவிகளுக்கும் இதே கவனம் தேவை. ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னை நேராக அதில் மாட்டக் கூடாது, மாக்ஸ்232 போன்ற மட்டமாற்றிச் சில்லு இடையில் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தரை இணைப்பில் இருக்கிறது. மல்டிமீட்டரின் அளக்கும் முனைகள் உள்ளே தனிமைப்படுத்தப்பட்டவை, ஜிபிஐபி கேபிளின் தரையோடு ஒட்டாது. சாதாரண ஆசிலோஸ்கோப் அப்படியல்ல. புரோபின் தரைக் கிளிப், ஸ்கோப்பின் உலோக உடல், ஜிபிஐபி கேபிளின் தரை, யூஎஸ்பியின் தரை எல்லாம் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையின் முதன்மைப் பக்கத்தை அளக்க, ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டு வேலை செய்யும் பழக்கம் சில கடைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 230 வோல்ட் ஏசி டிசியாகும்போது 325 வோல்ட் வரை போகும். அந்த வோல்டேஜ் ஸ்கோப்பின் உடலில் ஏறும், கேபிள் வழியாகக் கணினிக்கும் வரும். உங்கள் கை கீபோர்டில் இருக்கும். முதன்மைப் பக்கத்தை அளக்க வேண்டுமானால், பழுது பார்க்கும் கருவியை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள், அல்லது டிஃபரன்ஷியல் புரோப் வாங்குங்கள். ஸ்கோப்பின் எர்த் எப்போதும் எர்த்தாகவே இருக்கட்டும்.

கேபிளை மாட்டியதும் பழுது தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், இந்த இணைப்பின் மிகப் பெரிய பயன் அதுதான். 3478ஏவுக்குள் திருகிச் சரிசெய்யும் காலிபரேஷன் திருகுகள் கிடையாது. ஒவ்வொரு வரம்பிலும் அந்த மீட்டர் எவ்வளவு விலகுகிறது என்ற திருத்த எண்கள் ஒரு சின்ன நினைவகச் சில்லில் இருக்கின்றன. 256 இடங்கள், இடத்துக்கு நான்கு பிட். கூட்டினால் 128 பைட். இந்த வாக்கியத்தை எழுத ஆகும் இடத்தைவிட அதிகமில்லை. மின்சாரம் இல்லாதபோது அந்தச் சில்லைக் காப்பது போர்டில் சாலிடர் செய்யப்பட்ட ஒரே ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பத்தாண்டு உழைக்கும் என்று வைத்தது, பல மீட்டர்களில் முப்பதைத் தாண்டியும் நிற்கிறது. அது செத்த அன்று 128 பைட்டும் போய்விடும். மீட்டர் பிறகும் எண்களைக் காட்டும், ஆனால் அவற்றை நம்ப முடியாது. மறுபடி காலிபரேஷன் செய்ய, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றைத் தேடிப் பணம் கொடுக்க வேண்டும். பழைய மீட்டருக்கு யாரும் அவ்வளவு செலவழிப்பதில்லை, எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த 128 பைட்டை ஜிபிஐபி வழியாகவே படித்துவிடலாம். டபிள்யூ என்ற எழுத்தையும் இடத்தின் எண்ணையும் அனுப்பினால், அந்த இடத்தில் உள்ள நான்கு பிட்டை மீட்டர் திருப்பி அனுப்பும். 256 முறை கேட்டால் முடிந்தது, சில நிமிட வேலை. ஒவ்வொரு வரம்பின் எண்களோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்தே இருப்பதால், எடுத்த பிரதி சரியானதுதானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிரதி கையில் இருந்தால் பேட்டரியை நிம்மதியாகக் கழற்றி மாற்றலாம். எண்கள் அழிந்தாலும் திரும்ப எழுதிவிடலாம். டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் வரிசை ஸ்கோப்புகள் உட்பட, அந்தக் காலத்தின் வேறு பல கருவிகளிலும் இப்படி பேட்டரியை நம்பி வாழும் நினைவகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் பேட்டரிகளுக்கும் அதே வயதுதான்.

இதற்கான மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஜிபிஐபி இயக்கிகள் 2025இன் தொடக்கத்தில் வெளிவந்த 6.13ஆம் பதிப்பில் சோதனைப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. தரம் வெளியாகி ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதற்குப் புதிதாக நிரல் எழுதிச் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே குறைவாக இருப்பது கருவிகளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்தான்.

கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும், ஐடிஐ ஆசிரியர்களுக்கும், தொழிற்கூட மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவு ஏலப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கருவியின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 24 முனைக் கனெக்டர் இருந்தால் அந்தக் கருவியைப் பட்டியலிலிருந்து எடுத்து வையுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் ஓர் ஆர்டுயினோவைக் கொடுத்து, முதலில் அதன் காலிபரேஷன் எண்களைப் படித்து இரண்டு இடங்களில் சேமிக்கச் சொல்லுங்கள். பேட்டரியை அதற்குப் பிறகு மாற்றுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி எந்த நாளில் நிற்கும் என்று தெரியாததால், இதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.